உரியவர் யார்? 1798 அயர்லாந்துக் கலகத்தின் அரசுக் கடிதங்கள்

1798 மே 23ஆம் தேதி இரவு டப்ளினிலிருந்து கிளம்பும் தபால் வண்டிகளை வழியில் மறிக்க வேண்டும் என்பதுதான், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கலகத்தைத் திட்டமிட்ட ஐக்கிய அயர்லாந்தியர் சங்கம் வகுத்திருந்த ஏற்பாடு. வழக்கமான நேரத்துக்கு வண்டி வந்து சேரவில்லை என்றால் தலைநகரம் எழுந்துவிட்டது என்று வெளியூர்க்காரர்கள் புரிந்துகொள்வார்கள். சான்ட்ரியில் பெல்ஃபாஸ்ட் வண்டி எரிக்கப்பட்டது. கில்டேரில் லிமெரிக் வண்டி நிறுத்தப்பட்டு, அதில் வந்த இளம் படை அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டார். ஆக, இந்தக் கலகம் முதலில் கை வைத்ததே கடிதப் போக்குவரத்தின் மேல்தான்.

அந்த ஆண்டின் போர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் படுவது, அயர்லாந்து அரசின் தலைமையகமான டப்ளின் கோட்டையில் இருந்த சிவில் அதிகாரிகளும் களத்தில் இருந்த தளபதிகளும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்கள். சிப்பாயைச் சுடச் சொல்லும் அதிகாரம் யாருக்கு, சுட்ட பிறகு பதில் சொல்ல வேண்டியவர் யார் என்ற கேள்வி அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. எழுத்தில் உறுதியான பதில் இல்லாத இடங்களில்தான் மிக மோசமான கொலைகள் நடந்தன.

கடிதங்களுக்குள் போகுமுன் நாற்காலிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேலே லார்ட் லெப்டினன்ட், அதாவது அரசரின் பிரதிநிதி. 1795 முதல் 1798 ஜூன் வரை அந்தப் பதவியில் இருந்தவர் காம்டன் பிரபு. அவருக்குக் கீழே தலைமைச் செயலர் தாமஸ் பெல்ஹம். அவர் நோய்வாய்ப்பட்டதால் 1798 மார்ச் முதல் அந்த வேலையைப் பார்த்தவர் இளைஞர் காசல்ரே பிரபு. செயலகம் இரண்டு கிளைகளாக இயங்கியது: சிவில் பக்கத்துக்கு எட்வர்ட் குக், ராணுவப் பக்கத்துக்கு வில்லியம் எலியட், இருவரும் துணைச் செயலர்கள். ராணுவத் தலைமைத் தளபதி தனி; அவருடைய அதிகாரபூர்வ இல்லம் நகரின் மேற்கே கில்மைன்ஹாமில் இருந்த ராயல் ஹாஸ்பிடல். லண்டனில் இவர்கள் எல்லோருக்கும் பதில் எழுதியவர் உள்துறை அமைச்சர் போர்ட்லண்ட் கோமகன். தலைமைத் தளபதி லார்ட் லெப்டினன்டுக்குக் கட்டுப்பட்டவர்தான். ஆனால் அந்தக் கட்டுப்பாடு எவ்வளவு தூரம் போகும் என்பதை யாரும் தெளிவாக எழுதி வைக்கவில்லை.

ஒரு கடிதம் பயணப்பட்ட விதம் இது. உறை கிடையாது. தாளையே மடித்து, வெளிப்புற மடிப்பில் முகவரி எழுதி, அரக்கு முத்திரை வைப்பார்கள். கோட்டைக்கு வந்து சேர்ந்ததும் எழுத்தர் அதை மறுபடி நீளவாக்கில் மடித்து, முதுகில் அனுப்பியவர் பெயர், தேதி, பொருள் மூன்றையும் குறித்துக் கட்டில் சேர்ப்பார். வெளியே போகும் முக்கியக் கடிதங்களின் நகல் தனிப் புத்தகத்தில் ஏறும். லண்டனுக்குப் போக வேண்டியது ஹோலிஹெட் தபால் கப்பலில் ஏறும். பாய்மரக் கப்பல் என்பதால் காற்று எதிர்த்தால் துறைமுகத்திலேயே காத்துக் கிடக்கும். மெனாய் நீரிணைக்குப் பாலம் 1826இல்தான் வந்தது. அதுவரை வேல்ஸ் பக்கத்திலும் படகில்தான் கடக்க வேண்டும். எல்லாம் கூடிவந்தால் நான்கைந்து நாள். அதாவது காம்டன் ஒரு கேள்வி கேட்டு, பதில் கைக்கு வருவதற்குள் ஏறக்குறைய பத்து நாள் போய்விடும். தெற்கே வாட்டர்ஃபோர்டிலிருந்து மில்ஃபோர்டுக்கும் வடக்கே டோனகடியிலிருந்து போர்ட்பேட்ரிக்குக்கும் கப்பல்கள் உண்டு. உள்நாட்டுச் சாலைகள் மறிக்கப்பட்ட பிறகு தளபதிகளின் அறிக்கைகள் குதிரை வீரர்களின் கையில்தான் போயின. ரிச்சர்ட் லவல் எட்ஜ்வொர்த் கோபுரத்திலிருந்து கோபுரத்துக்குச் சைகை காட்டும் தந்தி முறையை அரசிடம் முன்பே கொண்டுபோயிருந்தார், அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. டப்ளினையும் கால்வேயையும் இணைக்கும் அந்த வரிசை கலகம் அடங்கிச் சில ஆண்டுகள் கழித்தே அமைந்தது.

இந்தக் கட்டுகள் இன்று கிடைப்பதற்கு ஒரு தற்செயல்தான் காரணம். 1922 ஜூன் 30 அன்று டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்தபோது அயர்லாந்தின் பல நூற்றாண்டுக் காகிதங்கள் சாம்பலாயின. கலக ஆவணங்கள் அங்கே இல்லை. டப்ளின் கோட்டையிலிருந்த அரசுக் காகித அலுவலகத்தில் தனியாகக் கிடந்ததால் தப்பின. இப்போது அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் 620 என்ற வரிசை எண்ணில் இருக்கின்றன. லண்டனுக்குப் போன மறுபாதி, கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில், உள்துறைக் கோப்புகளில் 100ஆம் வரிசையில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் படித்தால் ஏமாந்துபோவோம். களத்திலிருந்து வந்த ஐந்து கடிதங்களைச் சுருக்கிக் கோட்டை ஒன்றாக்கி அனுப்பியிருக்கும். சுருக்கும்போது எது விழுந்தது என்பது டப்ளின் கட்டில்தான் தெரியும்.

படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது மேல் ஓரத்தை. 'அந்தரங்கம்' என்றோ 'ரகசியம்' என்றோ குறி இருக்கிறதா? ஒரே ஆள், ஒரே நாளில், ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு கடிதம் எழுதுவது அன்றைய வழக்கம். ஒன்று அலுவல் கடிதம். நாடாளுமன்றம் கேட்டால் மேசையில் வைக்கலாம். மற்றது தனிக்கடிதம்; எழுதுபவர் உண்மையில் என்ன நினைக்கிறார் என்பது அதில் இருக்கும். 1797 மார்ச்சில் டங்கானனில் இருந்த தளபதி ஜான் நாக்ஸ், ஆயுதச் சோதனைக்கான திட்டத்தைத் தன் மேலதிகாரியான வடக்குப் படைகளின் தளபதி லேக்குக்கு எழுதினார். ஆயுதம் பெரிதாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் இதைச் செய்யவில்லை, ஆரஞ்சுக்காரர்களுக்கும் (அரசுக்கு விசுவாசமான புராட்டஸ்டன்ட் சங்கத்தினர்) ஐக்கிய அயர்லாந்தியருக்கும் இடையிலான பகையை வளர்க்கத்தான் செய்கிறேன் என்று அதிலேயே சொல்லியிருக்கிறார். அச்சாகும் அறிக்கையில் இப்படி ஒரு வரியை யாரும் எழுத மாட்டார்கள்.

ஒற்றர் கடிதங்கள் குக்கின் மேசைக்கு வந்தன. ஐக்கிய அயர்லாந்தியரின் வழக்கறிஞராக நீதிமன்றத்தில் வாதாடிய லெனார்ட் மக்நாலி, 'ஜே.டபிள்யூ.' என்று கையெழுத்திட்டு அதே கட்சிக்காரர்களைப் பற்றிக் கோட்டைக்கு எழுதிக்கொண்டிருந்தார். சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான எட்வர்ட் ஃபிட்ஜெரால்டு பிரபுவைக் காட்டிக்கொடுத்ததற்கு 1,000 பவுண்டு என்று ரகசியக் கணக்கில், பெயரின் முதலெழுத்துகளோடு, ஒரு பதிவும் இருக்கிறது. இவை சுவையான காகிதங்கள்தான். ஆனால் ராணுவத்துக்கும் சிவில் நிர்வாகத்துக்கும் இடையே நடந்ததைப் புரிந்துகொள்ள மாஜிஸ்திரேட்டுகளின் கடிதங்களுக்குத்தான் போக வேண்டும்.

சட்டப்படி, தன்னைத் தாக்கினாலொழிய ராணுவம் தானாகக் குடிமக்கள் மேல் நடவடிக்கை எடுக்கக்கூடாது. மாஜிஸ்திரேட் கூட இருந்து கேட்டுக்கொள்ள வேண்டும். 1796இல் வந்த கிளர்ச்சித் தடைச் சட்டம் மாஜிஸ்திரேட்டுகளின் கையை இன்னும் பலப்படுத்தியது. அவர்கள் கூடி மனு அனுப்பினால் லார்ட் லெப்டினன்டும் அரச ஆலோசனைக் குழுவும் அந்த வட்டாரத்தைக் குழப்பப் பகுதியாக அறிவிக்கலாம். அறிவித்ததும் ஊரடங்கு, வீட்டுச் சோதனை, சந்தேகத்துக்கு உரியவர்களைக் கடற்படைக்கு அனுப்புவது எல்லாம் நடக்கும். அதனால் மாஜிஸ்திரேட்டுகளின் கடிதங்களில் பயமும் மிகைப்படுத்தலும் கூடின. அமைதியாக இருக்கிறது என்று எழுதினால் படை வராது. பல ஊர்களில் மாஜிஸ்திரேட்டும் உள்ளூர்த் தன்னார்வலர்களைக் கொண்ட யோமன்றிப் படையின் கேப்டனும் ஒரே ஆள் என்பது இன்னும் பெரிய சிக்கல். வெக்ஸ்ஃபோர்டில் ஹன்டர் கவன் அப்படிப்பட்டவர். உதவி கேட்டு எழுதும் கையும் துப்பாக்கி பிடிக்கும் கையும் ஒன்றாகிவிட்டால், ஒன்று மற்றதை எப்படிக் கட்டுப்படுத்தும்?

இதைத் தளர்த்தியது பெல்ஹமின் கடிதம். 1797 மார்ச் 3 அன்று, வட மாகாணமான அல்ஸ்டரில் ஆயுதம் பறிக்கும்படி லேக்குக்கு எழுதியபோது, மாஜிஸ்திரேட்டுகளுக்கு இருக்கக்கூடிய தயக்கத்தால் நீதிக்குத் தடை வர விடக்கூடாது என்ற பொருளில் ஒரு வரி சேர்த்தார். மார்ச் 13 அன்று லேக் பெல்ஃபாஸ்டில் அறிவிப்பு வெளியிட்டார். மே மாதம் வந்த உத்தரவு, மாஜிஸ்திரேட்டுக்குக் காத்திராமல் படை நடவடிக்கை எடுக்கலாம் என்று வெளிப்படையாகவே சொன்னது.

அந்த ஆண்டுக் கடைசியில் தலைமைத் தளபதியாக வந்த சர் ரால்ஃப் ஆபர்க்ராம்பிக்கு இது பிடிக்கவில்லை. படைகள் சிறு சிறு துண்டுகளாகப் பெரிய வீடுகளைக் காவல் காத்துக்கொண்டு, ஒழுங்கு குலைந்து கிடப்பதை நேரில் பார்த்தார். 1798 பிப்ரவரி 26 அன்று ஒரு பொது உத்தரவு போட்டார்: இந்த ராணுவம் எதிரியைத் தவிர மற்ற எல்லோருக்கும் அச்சம் தரும் அளவுக்குக் கட்டுப்பாடற்ற நிலையில் இருக்கிறது, தாக்கப்பட்டாலொழிய, மாஜிஸ்திரேட் இருந்து அதிகாரம் கொடுக்காமல் யாரும் நடவடிக்கை எடுக்கக்கூடாது. ராணுவ நோக்கில் இதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்பது என் எண்ணம். ஆனால் சிவில் அரசு மே மாதம் கொடுத்த அனுமதியை ராணுவத் தலைமை பிப்ரவரியில் ஒரே தாளில் திரும்ப எடுத்துக்கொண்டது. அதை அவர் காம்டனிடம் முன்கூட்டிக் காட்டவும் இல்லை. உத்தரவு வெளியில் பரவி லண்டனில் எதிர்க்கட்சியின் கைக்குப் போனது. டப்ளினில் சான்சலர் கிளேர் பிரபுவும் சபாநாயகர் ஜான் ஃபாஸ்டரும் அவர்மேல் பாய்ந்தார்கள். போர்ட்லண்ட் விளக்கம் கேட்டார். ஆபர்க்ராம்பி பதவி விலகினார்.

மார்ச் 30 அன்று, நாட்டில் கலகம் நடக்கிறது, ராணுவம் சுருக்கமான வழிகளில் அடக்கலாம் என்று காம்டன் அறிவித்தார். விலகிப் போகவிருந்த ஆபர்க்ராம்பியே அதைச் செயல்படுத்த வேண்டி வந்தது. கில்டேர் மக்களுக்கு ஆயுதம் ஒப்படைக்கப் பத்து நாள் கெடு. தராவிட்டால் சிப்பாய்கள் வீடுகளில் தங்கி அவர்கள் செலவில் உண்பார்கள். ஏப்ரலில் அவருடைய இடத்துக்கு வந்தவர் லேக்.

லேக்கின் காலத்தில் நடந்தவற்றில் கிப்பட் ராத் படுகொலையைக் கடிதப் போக்குவரத்து அறுந்துபோனதன் விலை என்று சொல்லலாம். கில்டேரில் இருந்த தளபதி ரால்ஃப் டண்டாஸ், நக்காலின் குன்றில் கூடியிருந்த கலகக்காரர்களுடன் பேசி, ஆயுதத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று ஒப்புக்கொண்டார். அது நடந்தது. குராஹ் புல்வெளியில் கிப்பட் ராத்தில் இருந்த இன்னொரு கூட்டமும் அதே முறையில் சரணடையத் தயாராக இருந்தது. அதே வேளையில் தளபதி சர் ஜேம்ஸ் டஃப், அறுந்துபோன டப்ளின் சாலையைத் திறப்பதற்காக லிமெரிக்கிலிருந்து வேகமாக வந்துகொண்டிருந்தார். மே 29 அன்று இரண்டும் சந்தித்தன. டஃப் லேக்குக்கு எழுதிய அறிக்கை சின்னது. ஆயுதத்தைக் கீழே போட்டால் தீங்கு செய்ய மாட்டோம் என்று ஆள் அனுப்பியதாகவும், அவர்களில் சிலர் சுட்டதாகவும், அதன் பிறகு சிப்பாய்களின் வெறியை எதாலும் நிறுத்த முடியவில்லை என்றும், இருநூறு முந்நூறு பேர் செத்திருக்கலாம் என்றும் சொல்கிறது. டண்டாஸ் கொடுத்த வாக்கைப் பற்றி அதில் பேச்சில்லை. பிற்காலக் கணக்குகள் 350 பேர் வரை சொல்கின்றன. இப்படிப்பட்ட அறிக்கைகளில் கவனிக்க வேண்டியது வினைச்சொற்களை. தாக்கியவர் யார் என்று இராது. 'தாக்கப்பட்டார்கள்' என்று மட்டும் இருக்கும்.

அடுத்தது எனிஸ்கார்தி. ஜூன் 21 அன்று அந்த ஊரை ஒட்டிய வினிகர் ஹில்லில் லேக் வென்றார். அதே நாள் வெக்ஸ்ஃபோர்டு நகரில் கலகக்காரர்களின் ஆளுநர் மேத்யூ கியோ, கைதியாக இருந்த வடக்கு கார்க் மிலிஷியா என்ற அரசுப் படையின் கர்னல் கிங்ஸ்பரோ பிரபுவிடமே நகரை ஒப்படைத்தார். உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு என்று கிங்ஸ்பரோ ஒப்புக்கொள்ள, கடிதங்களோடு தூதர்கள் புறப்பட்டார்கள். ஜூன் 22 தேதியிட்டு லேக்கின் பதில் வந்தது: ஆயுதம் ஏந்திய கலகக்காரர்களின் நிபந்தனைகளுக்குத் தளபதி லேக் செவிசாய்க்க முடியாது; ஏமாந்துபோன கூட்டத்தினர் தலைவர்களைப் பிடித்துக் கொடுத்து, ஆயுதத்தை ஒப்படைத்து, விசுவாசத்துக்குத் திரும்பினால் மன்னிப்பு. அதில் கிங்ஸ்பரோவின் பெயரே இல்லை. கைதியாக இருந்த கர்னல் கொடுத்த வாக்கு அரசைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்வியை, பதில் சொல்லாமல் விட்டே தீர்த்துவிட்டார். அடுத்த சில நாளில் கியோ, பேகனல் ஹார்வி, கார்னீலியஸ் க்ரோகன் ஆகிய கலகத் தலைவர்கள் வெக்ஸ்ஃபோர்டு பாலத்தில் தூக்கிலிடப்பட்டார்கள்.

இங்கே தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். புதிய லார்ட் லெப்டினன்ட் டப்ளினில் இறங்கியது ஜூன் 20. லேக் கையெழுத்திட்டது ஜூன் 22. மன்னிப்புக் கொள்கையோடு வந்தவர் கோட்டையில் அமர்ந்துவிட்டார், ஆனால் அவருடைய கொள்கை எனிஸ்கார்திக்குப் போய்ச் சேரவில்லை.

அந்தப் புதியவர் காரன்வாலிஸ். தமிழ் வாசகருக்கு இந்தப் பெயர் தெரியும். திப்புவுடன் 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை செய்து, பாராமகாலையும் திண்டுக்கல்லையும் கம்பெனிக்கு வாங்கியவர். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கும் அந்தப் பெரிய சிலை அவருடையதுதான். கவர்னர் ஜெனரல் பதவியோடு தலைமைத் தளபதி பதவியையும் சேர்த்துத் தந்தால்தான் போவேன் என்று நிபந்தனை வைத்து 1786இல் இந்தியாவுக்கு வந்தவர் அவர். அயர்லாந்திலும் அதே ஏற்பாடு: லார்ட் லெப்டினன்டும் அவரே, தலைமைத் தளபதியும் அவரே. ராணுவம் தெரிந்த ஒருவர் இந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று காம்டனே லண்டனுக்குச் சொல்லியிருந்தார்.

இரண்டு நாற்காலிகளும் ஒன்றானதும் கடிதங்களின் தொனியே மாறுகிறது. பதவியேற்ற சில வாரங்களுக்குள் போர்ட்லண்டுக்கு எழுதியதில், சண்டைகளில் இத்தனை பேரைக் கொன்றோம் என்று வரும் எண்ணிக்கைகளை அவர் நம்பவில்லை. போரில் செத்தவர்கள் கொஞ்சம்தான். களத்தைச் சுற்றிச் சில மைல்களுக்குள் பழுப்புக் கோட்டு போட்டு அகப்பட்டவர்களை எல்லாம் வேறுபாடு பார்க்காமல் வெட்டியிருப்பார்கள் என்று அஞ்சுகிறார். நண்பர் ராஸுக்கு எழுதிய தனிக்கடிதத்தில், தன் சாப்பாட்டு மேசையில்கூடப் பேச்சு தூக்கு, சுடுதல், எரித்தல் என்றே திரும்புகிறது, ஒரு பாதிரியார் கொல்லப்பட்டார் என்றால் கூடியிருப்பவர்கள் மகிழ்கிறார்கள் என்று வேதனைப்படுகிறார். ஆயுதம் ஒப்படைத்து விசுவாசப் பிரமாணம் எடுப்பவர்களுக்குப் பாதுகாப்புச் சீட்டு கொடுக்கத் தளபதிகளுக்கு உத்தரவு போனது. ராணுவ நீதிமன்ற வழக்குகளின் காகிதங்களைத் தானே படித்து முடிவு செய்தார். 1799 மார்ச்சில் காசல்ரே லண்டனுக்கு அனுப்பிய கணக்கு: காரன்வாலிஸ் தானே முடிவு செய்தவை ஏறக்குறைய 400 வழக்குகள்; மரண தண்டனை பெற்றவர்கள் 131; அவர்களில் தூக்கிலிடப்பட்டவர்கள் 81; நாடுகடத்தப்பட்டவர்கள் 418. இந்த எண்கள் சின்னவை என்று சொல்லவில்லை. 50 பேர் உயிரோடு இருந்ததற்குக் காரணம், தண்டனையைப் போட்ட அதிகாரியைத் தாண்டிக் காகிதம் இன்னொருவர் மேசைக்குப் போக வேண்டியிருந்ததுதான்.

அவர் அனுப்பச் சொன்ன கடிதங்களில் ஒன்றை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். விக்லோ யோமன்றியைச் சேர்ந்த ஹியூ வொல்லகன், டெல்கனி அருகே ஒரு வீட்டுக்குள் புகுந்து இளைஞன் ஒருவனை அவன் தாயின் கண்ணெதிரே சுட்டுக் கொன்றான். அக்டோபரில் ராணுவ நீதிமன்றம் கூடியது. தலைவர் எனிஸ்கிலன் பிரபு. சுட்டதை யாரும் மறுக்கவில்லை. கலகக்காரர் என்று தெரிந்தால் சுடலாம் என்று உத்தரவு இருந்ததாக அதிகாரிகளே சாட்சி சொன்னார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை, எல்லாம் வாய்மொழி. தீய எண்ணத்தோடு செய்யவில்லை என்று நீதிமன்றம் அவனை விடுவித்தது. அக்டோபர் 18 அன்று காரன்வாலிஸின் செயலர் கேப்டன் டெய்லர், டப்ளின் படைகளின் தளபதி க்ரெய்க்குக்கு எழுதினார்: தீர்ப்பை லார்ட் லெப்டினன்ட் முழுவதுமாக நிராகரிக்கிறார், நீதிமன்றம் கலைக்கப்பட வேண்டும், வொல்லகனை யோமன்றியிலிருந்து நீக்க வேண்டும், புதிய நீதிமன்றம் அமைக்க வேண்டும், பழைய உறுப்பினர் ஒருவரும் அதில் இருக்கக்கூடாது, இந்தக் கடிதத்தை அதே நீதிமன்றத்தில், அதே தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் முன்னால் படிக்க வேண்டும். கொலைக்குத் தண்டனை கிடைக்கவில்லை. ஆனால் வாய்மொழி உத்தரவுக்கு எதிராக எழுத்து நின்றது, ஒரு பிரபு அதை உட்கார்ந்து கேட்க வேண்டி வந்தது.

காகிதம் ஆளைக் கொல்லப் பார்த்ததும் உண்டு. டிப்பரரி ஷெரிஃப் தாமஸ் ஜூட்கின் ஃபிட்ஜெரால்டு, கிளான்மெலில் பெர்னார்ட் ரைட் என்ற பிரெஞ்சு ஆசிரியரைச் சவுக்கால் அடிக்க வைத்தார். ரைட்டின் பையில் பிரெஞ்சில் எழுதிய சீட்டு ஒன்று இருந்தது. ஷெரிஃபுக்குப் பிரெஞ்சு தெரியாது. மேஜர் ரியால் வாங்கிப் படித்து, சந்திப்புக்கு வர முடியாததற்கு வருத்தம் தெரிவிக்கும் சாதாரணச் சீட்டு என்று சொன்ன பிறகும் அடி தொடர்ந்தது. 1799இல் நடுவர் குழு ரைட்டுக்கு 500 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. ஃபிட்ஜெரால்டுக்கு 1801இல் பாரனட் பட்டம் கிடைத்தது.

சிவில் காகிதமும் ராணுவ உத்தரவும் நேருக்கு நேர் மோதியது 1798 நவம்பர் 12 அன்று. ஐக்கிய அயர்லாந்தியர் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரும் பிரெஞ்சுக் கப்பலில் பிடிபட்டவருமான வுல்ஃப் டோனுக்கு நவம்பர் 10 அன்று டப்ளின் பாசறையில் ராணுவ நீதிமன்றம் விசாரணை நடத்தியிருந்தது. சிப்பாயைப் போல் சுட்டுக் கொல்லுங்கள் என்று டோன் கேட்டார். தூக்குதான் என்று பதில் வந்தது. அவர் தந்தையின் பிரமாணப் பத்திரத்தோடு வழக்கறிஞர் கரன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். டோன் அரசரின் படையில் பதவி வகித்தவர் அல்லர். நீதிமன்றங்கள் திறந்திருக்கும்போது ராணுவம் அவரை விசாரிக்க முடியாது என்பது கரனின் வாதம். தலைமை நீதிபதி கில்வார்டன் உடனே ஆட்கொணர்வு ஆணையை எழுதச் சொன்னார். எழுதி முடிப்பதற்குள் ஆளைத் தூக்கிலிட்டுவிடலாம் என்று கரன் பதறவே, ஷெரிஃபைப் பாசறைக்கு ஓடச் சொன்னார்.

ஷெரிஃப் திரும்பி வந்தார். பாசறைக் காவல் அதிகாரி, மேஜர் சாண்டிஸின் பேச்சைத்தான் கேட்பாராம்; சாண்டிஸ் காரன்வாலிஸின் பேச்சைத்தான் கேட்பாராம். ஆணையைத் தளபதி க்ரெய்க்கிடம் நேரில் கொடுத்தபோது அவர் கீழ்ப்படிய மறுத்தார். டோனையும் காவல் அதிகாரியையும் சாண்டிஸையும் பிடித்து வாருங்கள், ஆணையைக் க்ரெய்க்கிடம் காட்டுங்கள் என்றார் கில்வார்டன். ஷெரிஃப் மறுபடி போனார். பாசறைக் கதவு திறக்கவில்லை. முந்தைய இரவே டோன் தன் கழுத்தை அறுத்துக்கொண்டார் என்ற செய்தியோடு வந்தார். மருத்துவர் சத்தியம் செய்து சொன்னார்: பிழைப்பாரா என்று நான்கு நாள் போனால்தான் தெரியும், இடம் மாற்றினால் இறந்துவிடுவார்.

கில்வார்டன் கடைசியாக ஒரு உத்தரவு பதிவு செய்யச் சொன்னார். தியோபால்ட் வுல்ஃப் டோனின் தூக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது. இதை உரியவரிடம் சேர்ப்பியுங்கள். உரியவர் யார் என்று அவர் பெயர் சொல்லவில்லை.